மோட்டார் சைக்கிளின் கழுத்தும் அதன் குண்டுகளும்

சொந்த ஊரை விட்டுப் பணியின் பொருட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு மோட்டார் சைக்கிள் ஓர் ஆடம்பரப் பொருளன்று. காலையில் அலுவலகம், மாலையில் குழந்தையின் பாட்டு வகுப்பு, ஞாயிற்றுக்கிழமையில் கோயில், ஊரிலிருந்து யாரேனும் வந்தால் ரயில் நிலையம் என்று குடும்பத்தின் நடமாட்டத்தில் பாதி அதன் மேல்தான் நடைபெறுகிறது. அத்தகைய வண்டியின் எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றுகிறோம், சங்கிலியை இறுக்குகிறோம், டயருக்குக் காற்று அடைக்கிறோம். ஆனால் வண்டி நேராகச் செல்வதற்கும் வளைவில் திரும்புவதற்கும் ஆதாரமாக நிற்கும் ஓர் உறுப்பை நம்மில் பெரும்பாலோர் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. கைப்பிடிக்குக் கீழே, வண்டியின் கழுத்துக்குள் மறைந்திருக்கும் பேரிங்குகளையே குறிப்பிடுகிறோம். அவற்றை வீட்டிலேயே சோதித்துச் செப்பனிடும் முறையைப் பற்றி இங்கே சிறிது விரிவாகப் பார்ப்போம்.

மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் எங்களுக்கும் யந்திரங்களுக்கும் இயல்பாகத் தொடர்பு ஏதுமில்லை. கலைப் பட்டம் பெற்று, சொற்களோடு காலம் கழிப்பவர்கள் நாங்கள். எங்களை இவ்விஷயத்தில் இறங்க வைத்தது டில்லியில் ஒரு மழைக்கால மாலை. எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த நண்பர் ஒருவர் தம் மகளைப் பின்னால் அமர்த்திக்கொண்டு நெரிசலில் மெதுவாக வந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பஸ். வண்டியோ சொன்னபடி கேட்கவில்லை. இடப்புறம் சிறிது ஒடித்தால் தேவைக்கு மேல் ஒடிந்தது. அதைச் சரிசெய்ய வலப்புறம் திருப்பினால் அங்கும் அதிகமாகத் திரும்பியது. பஸ்ஸின் பின்சக்கரத்திற்கு ஒரு சாண் தூரத்தில் காலை ஊன்றி நின்றார். தந்தைக்கும் மகளுக்கும் ஆபத்து ஏதும் நேரவில்லை. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் ஒரு பட்டறையில் காட்டியபோது, முன் ஃபோர்க் முழுவதும் கெட்டுவிட்டது, மாற்றியாக வேண்டும் என்று பல ஆயிரம் ரூபாய்க்குக் கணக்குச் சொன்னார்கள். மற்றொரு பட்டறையில் இருந்த முதியவர் முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தச் செய்து, கைப்பிடியை ஒருமுறை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். 'கோன் செட்' போய்விட்டது என்று மட்டும் சொன்னார். சில மாதங்களுக்கு முன் வண்டியின் முன்புறத்தில் 'கட கட' என்று சத்தம் கேட்டதாகவும், அப்போது ஒருவர் நட்டை இறுக்கிக் கொடுத்ததாகவும் நண்பர் நினைவுகூர்ந்தார். அதைக் கேட்ட முதியவர் இந்தியில் சொன்ன பதில் எங்களுக்கு மறக்கவில்லை: "பாபுஜி, இறுக்கினால் சத்தம் போகும்; வியாதி போகாது." அந்தக் கோன் செட்டை அவருடைய மேற்பார்வையில் எங்கள் கைகளாலேயே மாற்றினோம். அதன்பின் எங்கள் குடியிருப்பில் நான்கைந்து வண்டிகளுக்கு இதே வேலையைச் செய்திருக்கிறோம்.

முதலில் இவ்வுறுப்பின் அமைப்பை அறிந்துகொள்வோம். சிறு வயதில் சைக்கிள் கடைத் திண்ணையில் நின்று 'ஓவராயில்' நடப்பதை வேடிக்கை பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. சைக்கிளின் முன்புறத்தில் செங்குத்தாக நிற்கும் ஒரு குட்டையான குழாய் உண்டு. அதனுள் ஃபோர்க்கின் தண்டு நுழைந்து மேலே வரும். குழாயின் மேல் வாயிலும் கீழ் வாயிலும் வட்டமான கிண்ணங்கள் பதிக்கப்பட்டிருக்கும்; தண்டின் மேல் அக்கிண்ணங்களுக்கு எதிராகக் கூம்பு வடிவான வளையங்கள் அமர்ந்திருக்கும்; இரண்டுக்கும் இடையே எஃகுக் குண்டுகள் கிரீஸில் மிதந்து உருளும். தமிழ்நாட்டுச் சைக்கிள் கடைக்காரர் 'பால்ரஸ்' என்பது இவற்றையே. மோட்டார் சைக்கிளின் கழுத்தும் அடிப்படையில் இதே அமைப்புத்தான். உறுப்புகள் பெரியவை, சுமை பன்மடங்கு, அவ்வளவே.

தண்டின் அடியில் ஃபோர்க்கின் இரு கால்களையும் கவ்விப் பிடிக்கும் தட்டு ஒன்று உண்டு. இதைக் கீழ்த் தட்டு என்போம். மேலேயும் அதேபோன்ற தட்டு ஒன்று கால்களின் உச்சியைப் பிடித்துக்கொள்கிறது. மேல் தட்டுக்கு அடியில், தண்டின் புரிகளில் ஏறியிறங்கும் திருகு வளையம் ஒன்று இருக்கும். அதை இறுக்கினால் மேலும் கீழும் உள்ள பேரிங்குகள் ஒருங்கே இறுகும். தளர்த்தினால் ஒருங்கே தளரும். எல்லாவற்றுக்கும் மேலே, கைப்பிடிக்கு நடுவில் கண்ணுக்குத் தெரியும் பெரிய நட்டு, அந்த வளையம் நழுவாமல் காப்பது. இப்பெயர்களை மனத்தில் இருத்திக்கொண்டால் மேலே சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

பேரிங்குகள் எல்லா வண்டிகளிலும் ஒரே வகையாக இரா. பழைய வண்டிகளிலும், விலை குறைந்த வண்டிகள் பலவற்றிலும் குண்டுகள் தனித்தனியாக உதிரும் வகையே காணப்படும். 1955-இல் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் பழைய புல்லட் வண்டிகள் இவ்வகையின. வேறு சில வண்டிகளில் குண்டுகள் ஒரு தகட்டுக் கூட்டுக்குள் கோக்கப்பட்டிருக்கும். இன்னும் சிலவற்றில் குண்டுகளுக்குப் பதிலாகச் சரிவான சிறு உருளைகள் அமைந்திருக்கும். குண்டு, தான் தொடும் தடத்தில் ஒரு புள்ளியளவே தொடுகிறது. உருளையோ ஒரு கோட்டின் நீளம் முழுவதும் தொடுகிறது. எனவே உருளை வகை சுமையை அதிகப் பரப்பில் பகிர்ந்துகொண்டு நீண்ட காலம் உழைக்கும்.

இனி, இவை ஏன் தேய்கின்றன என்பதைப் பார்ப்போம். சக்கரத்தின் பேரிங் ஓயாமல் சுழல்கிறது. சுழலும்போது குண்டுகள் தடம் முழுவதும் ஓடுவதால் கிரீஸும் எங்கும் பரவுகிறது, சுமையும் எங்கும் பரவுகிறது. கழுத்துப் பேரிங்கின் நிலை அதற்கு நேர்மாறானது. அது ஒருபோதும் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. சாலையில் செல்லும் நேரத்தில் பெரும் பகுதி கைப்பிடி நேராகவே இருக்கிறது. சில பாகைகளுக்கு மேல் திரும்புவதில்லை. அதாவது, ஒவ்வொரு குண்டும் தடத்தின் ஒரே இடத்தில் உட்கார்ந்தபடி பல ஆண்டுகளைக் கழிக்கிறது. அந்த இடத்திலிருந்து கிரீஸ் கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுங்கி வெளியேறுகிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி நேராக அந்தக் குண்டுகளின் வழியே தடத்தைத் தாக்குகிறது. நாளடைவில் குண்டு அமர்ந்த இடமெல்லாம் சிறு சிறு குழிகள் விழுகின்றன. அடிக்கடி அசைவதனால் வரும் தேய்மானமன்று இது. அசையாமல் ஓரிடத்திலேயே தாங்கி நிற்பதனால் வரும் தேய்மானம்.

இக்குழிகளுக்குப் பொறியியலார் இட்டிருக்கும் பெயர் ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்தது. ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த ஜோஹன் ஆகஸ்ட் பிரினெல் என்ற பொறியியலார், உலோகத்தின் கடினத்தை அளக்க 1900-இல் ஒரு முறையை வெளியிட்டார். 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள கடினமான குண்டை 3,000 கிலோகிராம் பளுவால் உலோகத்தின் மேல் அழுத்தி, விழும் குழியின் அகலத்தைக் கொண்டு கடினத்தைக் கணக்கிடுவது அம்முறை. சோதனைச் சாலையில் வேண்டுமென்றே செய்யும் அந்தக் காரியத்தை நம் சாலைப் பள்ளங்கள் நம் வண்டியின் கழுத்தில் நாள்தோறும் செய்துவருகின்றன. ஆகவேதான் பேரிங் தடத்தில் அதிர்ச்சியால் விழும் குழியைப் 'பிரினெல் தடம்' என்று வழங்குகிறார்கள்.

அதிர்ச்சி இல்லாமலே, இடைவிடாத சிறு நடுக்கத்தாலும் இதே போன்ற குழிகள் விழுவதுண்டு. 1930-களில் அமெரிக்காவில் புதிய மோட்டார் கார்களை ரயிலில் ஏற்றி நெடுந்தூரம் அனுப்பியபோது, ஒரு மைல்கூட ஓடாத அக்கார்களின் சக்கரப் பேரிங்குகளில் குழிகள் இருக்கக் கண்டனர். சக்கரம் சுழலாமல் நிற்க, ரயிலின் நடுக்கம் மட்டும் தொடர்ந்ததால் குண்டுகள் நின்ற இடத்திலேயே உராய்ந்து தடத்தை அரித்துவிட்டன. மாற்றல் உத்தரவு வந்ததும் பெட்ரோலை வடித்துவிட்டு, சாக்குச் சுற்றி, வண்டியை ரயில் பார்சலில் ஏற்றி அனுப்பும் நம் போன்றோர்க்கு இச்செய்தி அயலானதன்று. வண்டி வந்து சேர்ந்ததும், சாக்கைப் பிரித்துக் கண்ணாடிகள் உடைந்தனவா என்று பார்ப்பதோடு நில்லாமல், கழுத்தையும் ஒருமுறை சோதித்துவிடுவது நன்று.

மூன்றாவது பகை தண்ணீர். முன்சக்கரம் வாரியிறைக்கும் சேறும் நீரும் கீழ்ப் பேரிங்கையே முதலில் சென்றடைகின்றன. சுமையில் பெரும் பகுதியைத் தாங்குவதும் அதுவே. எனவே மேற்பேரிங் நன்றாக இருக்கும்போதே கீழ்ப்பேரிங் துருப்பிடித்துப் போவது சாதாரணம். 'வாட்டர் சர்வீஸ்' செய்யும் இடங்களில் குழாய் முனையைக் கழுத்துக்கு நேரே காட்டிப் பீய்ச்சினால், மழை புகாத இடத்திலும் அந்த நீர் புகுந்துவிடும். அங்கே மட்டும் ஈரத் துணியால் துடைக்கச் சொல்வதில் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

இப்போது சோதனைக்கு வருவோம். இதற்குக் காசு வேண்டாம். பத்து நிமிஷமும் ஒரு துணையாளும் போதும். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்பக்கத்தில் ஒருவர் அழுத்திப் பிடிக்க, முன்சக்கரம் தரையை விட்டு எழட்டும். நடு ஸ்டாண்டு இல்லாத வண்டியானால், அதன் சட்டத்துக்கு அடியில் உறுதியான முட்டுக் கொடுக்க வேண்டும். பக்க ஸ்டாண்டை மட்டும் நம்பி இவ்வேலையில் இறங்கலாகாது.

முதற் சோதனை தளர்ச்சியைக் காண்பது. வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து, ஃபோர்க்கின் இரு கால்களையும் அடிப்பாகத்தில் பிடித்துக்கொண்டு, நம்மை நோக்கி இழுத்தும் பின்னுக்குத் தள்ளியும் பார்க்க வேண்டும். அதே வேளையில் துணையாள் கழுத்துக் குழாயும் கீழ்த் தட்டும் சந்திக்கும் இடத்தில் விரல் நுனியை வைத்திருக்கட்டும். அங்கே 'டக்' என்ற அசைவு விரலுக்குத் தெரிந்தால் பேரிங் தளர்ந்திருக்கிறது. ஓட்டும்போது இதே குறை, முன் பிரேக்கைப் பிடித்தவுடன் கைப்பிடியில் ஒரு தட்டாகத் தெரியும். எச்சரிக்கை ஒன்று உண்டு: ஃபோர்க்கின் உட்புறத் தேய்மானமும் சக்கரப் பேரிங்கின் தளர்ச்சியும் ஏறக்குறைய இதே அசைவைத் தரும். விரல் வைத்த இடத்தில் அசைவு இல்லாமல் கால்களில் மட்டும் அசைவு தெரிந்தால் குறை ஃபோர்க்கில். சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டும்போது அசைந்தால் குறை சக்கரத்தில். இவ்வேறுபாட்டை அறிந்தவரிடம் எவரும் தேவையில்லாத ஃபோர்க்கை விற்க முடியாது.

இரண்டாவது சோதனை இறுக்கத்தைக் காண்பது. கைப்பிடியை நேராக வைத்து, ஒரு விரலால் மெல்லத் தொட்டு ஒரு பக்கம் சாய்த்துவிடுங்கள். நல்ல நிலையில் உள்ள முன்பாகம் தன் எடையாலேயே வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கத்தின் கோடி வரை செல்லும். பாதி வழியில் நின்றாலும், கையால் தள்ளினாலன்றி நகராவிட்டாலும் இறுக்கம் மிகுதி என்று பொருள். கேபிளும் ஒயரும் இழுத்துப் பிடிப்பதனாலும் இப்படி நேரலாம். அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இறுகிய வண்டியை ஓட்டும்போது மெதுவான வேகத்தில் அது அலையும். இருசக்கர வண்டி தன் சமநிலையைக் காத்துக்கொள்வது கைப்பிடியின் இடைவிடாத, நாம் அறியாத சிறு திருத்தங்களாலேயே. கழுத்து இறுகினால் அத்திருத்தங்கள் தாமதமாகின்றன. பின்பு அளவுக்கு மீறுகின்றன. பஸ்ஸுக்கு அருகில் எங்கள் நண்பருக்கு நேர்ந்தது இதுவே.

மூன்றாவது சோதனை மிக முக்கியமானது. கண்ணை மூடிக்கொண்டு, கைப்பிடியை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மிக மெதுவாகத் திருப்புங்கள். நடுவில், நேரான நிலையில், ஏதோ ஒரு குழியில் இறங்கி அமர்வது போன்ற உணர்ச்சி தோன்றினால் தடத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. அதைத் தளர்த்தியும் பயனில்லை, இறுக்கியும் பயனில்லை. குழிக்குள் குண்டு இறங்கியிருக்கும்போது தளர்ச்சி தெரியும். அதை நீக்க இறுக்கினால், குழியை விட்டுக் குண்டு ஏறும் இடத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். சத்தம் போகும், வியாதி போகாது என்று முதியவர் சொன்னதன் உட்பொருள் இதுதான். குழி விழுந்த பேரிங்குக்கு மருந்து ஒன்றே: மாற்றுதல்.

குழி இல்லாமல் தளர்ச்சி மட்டும் இருந்தால் முழுவதும் பிரிக்க வேண்டியதில்லை. மேல் நட்டைத் தளர்த்தி, கீழே உள்ள திருகு வளையத்தைச் சி-ஸ்பேனரால் சிறிது சிறிதாக, ஒருமுறைக்குக் கால் அங்குலத்திற்கும் குறைவாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் முதல் இரண்டு சோதனைகளையும் திரும்பச் செய்ய வேண்டும். உளியும் சுத்தியலும் கொண்டு வளையத்தைத் தட்டி நகர்த்துவதைப் பல இடங்களில் காணலாம். அதனால் வளையத்தின் காடிகள் சிதைவதுடன், எவ்வளவு இறுகியது என்பதும் கைக்குத் தெரியாமல் போய்விடும். சி-ஸ்பேனர் பெரிய விலையுள்ள கருவியன்று.

பிரித்தே ஆகவேண்டும் என்று ஏற்பட்டால் அவசரமில்லாத ஒரு நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். முதல் முறை செய்பவர்க்கு ஒரு பகல் முழுவதும் பிடிக்கும். வண்டிக்குரிய புதிய கோன் செட், சி-ஸ்பேனர், சரியான அளவுள்ள ஸ்பேனர்கள், ரப்பர் சுத்தியல், நீண்ட பித்தளைக் கம்பி அல்லது கட்டை, பழைய துணி, இரண்டு தட்டுகள், தண்ணீரால் கரையாத நல்ல பேரிங் கிரீஸ் ஆகியவற்றை முன்னதாகவே எடுத்து வைக்க வேண்டும். கழுவுவதற்கு மண்ணெண்ணெய் சிறந்தது. டில்லி போன்ற இடங்களில் அது கிடைப்பது அரிதாகிவிட்டதால் டீசலைப் பயன்படுத்தலாம். பெட்ரோலால் கழுவும் வழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். பூட்டிய பால்கனியில் அதன் ஆவி ஒரு தீப்பொறிக்காகக் காத்திருக்கும்.

வேலையைத் தொடங்குமுன் ஒயரும் கேபிளும் எந்த வழியே செல்கின்றன என்பதைக் கைப்பேசியில் பல கோணங்களில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் வெளிச்சம் மங்கும்போது அப்படங்களே வழிகாட்டி. வண்டியை எஞ்சினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து அசையாமல் நிறுத்திய பிறகு, முன்சக்கரத்தையும் மட்கார்டையும் கழற்ற வேண்டும். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் பிரேக் பகுதியை அதன் குழாயால் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைக்க வேண்டும். அது கழன்றிருக்கும்போது பிரேக் பிடியை அழுத்தக் கூடாது. 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டிருப்பதால், சக்கரத்தருகே வரும் மெல்லிய ஒயரையும் கவனித்து விடுவிக்க வேண்டும். பின்னர்க் கைப்பிடியை அவிழ்த்து, பெட்ரோல் தொட்டியின் மேல் கனத்த துணி விரித்து அதில் சாய்த்து வைக்கலாம். தட்டுகளின் பிடிப்பு போல்ட்டுகளைத் தளர்த்தி ஃபோர்க் கால்களைக் கீழே உருவிவிடலாம். மேல் நட்டையும் மேல் தட்டையும் எடுத்துவிட்டால் திருகு வளையம் வெளிப்படும்.

இங்கேதான் நிதானம் வேண்டும். வளையத்தை முழுவதும் கழற்றும்போது கீழ்த் தட்டை ஒரு கையால் மேல்நோக்கித் தாங்கிக்கொள்ளாவிட்டால், தண்டு சடக்கென்று இறங்கி, உதிர் குண்டுகள் நாலா பக்கமும் ஓடும். கீழே ஒரு பழைய வேட்டியை விரித்து வைப்பது உத்தமம். எங்கள் முதல் முயற்சியில் ஒரு குண்டு சாக்கடைக் குழியில் விழுந்து போயிற்று. மேற்குண்டுகளை ஒரு தட்டிலும் கீழ்க்குண்டுகளை ஒரு தட்டிலும் இட்டு, எண்ணிக் காகிதத்தில் எழுதி வையுங்கள். சில வண்டிகளில் மேலும் கீழும் எண்ணிக்கையோ பருமனோ வேறுபடும். வண்டிக்குரிய கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்வதும் அவசியம். நமக்கு முன் பிரித்தவர் ஒன்றிரண்டைத் தொலைத்திருக்கக் கூடும் அல்லவா?

எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, கிண்ணத்தின் உட்புறத் தடத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பேனாவின் முனையை அதன் மேல் மெல்ல ஓட்டினால், கண்ணுக்குத் தெரியாத குழியும் கைக்குத் தெரிந்துவிடும். தடம் கண்ணாடிபோல் இருந்தால் புதுக் கிரீஸிட்டு மீண்டும் பூட்டலாம். குழியோ துருப்புள்ளியோ இருந்தால் கிண்ணம், கூம்பு, குண்டு அனைத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய கிண்ணத்தில் புதிய குண்டுகளை இடுவது வீண் செலவு.

பழைய கிண்ணத்தை நீக்க, எதிர்ப்புறத்திலிருந்து நீண்ட கம்பியை உள்ளே விட்டு, கிண்ணத்தின் விளிம்பை ஒரு பக்கம் ஒரு தட்டு, எதிர்ப்பக்கம் ஒரு தட்டு என்று மாறி மாறித் தட்டி வெளியேற்ற வேண்டும். ஒரே பக்கத்தில் அடித்தால் அது கோணலாகச் சிக்கிக்கொண்டு கழுத்துக் குழாயையே கீறிவிடும். புதிய கிண்ணத்தை முதல்நாள் இரவே குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிட்டால் அது அணுவளவு சுருங்கும், உட்கார்த்துவது சுலபமாகும். பழைய கிண்ணத்தை அதன் மேல் கவிழ்த்து வைத்து, அதன் வழியாகத் தட்டினால் புதிய தடத்தில் அடி படாது. கிண்ணம் முழுவதும் அமர்ந்ததும் தட்டும் ஓசை மந்தமாக இருந்தது மாறிக் கணீரென்று ஒலிக்கும். அந்த மாற்றத்தைக் கேட்டதும் நிறுத்திவிடலாம். தண்டின் அடியில் உள்ள கூம்பு வளையம் மட்டும் மிக இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கும். அது எளிதில் வராவிட்டால் தண்டைப் பட்டறைக்கு எடுத்துச் சென்று அதை மட்டும் மாற்றி வாங்கிவரலாம். இதில் மானக்குறைவு ஒன்றுமில்லை. எங்கள் வண்டிகளில் பெரும்பாலும் அப்படித்தான் செய்தோம்.

புதிய தடத்தில் கிரீஸைத் தாராளமாகப் பூசி, அதில் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டும். கிரீஸே அவற்றைப் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் வைத்த பிறகும் சிறிது இடைவெளி எஞ்சியிருக்கும். அதை நிரப்ப இன்னொரு குண்டைத் திணிக்கக் கூடாது. குண்டுகள் உருள்வதற்கு அந்த இடம் தேவை. தண்டை நேராக மேலே ஏற்றி, திருகு வளையத்தைக் கையாலேயே புரியில் ஏற்றுங்கள். பிறகு சி-ஸ்பேனரால் சற்று அழுத்தமாக இறுக்கி, தண்டை இரு கோடிகளுக்கும் பலமுறை திருப்பினால் குண்டுகள் தம் இடங்களில் அமரும். அதன்பின் வளையத்தைத் தளர்த்தி, மீண்டும் இறுக்கிக்கொண்டே வந்து, தளர்ச்சி மறையும் அந்தக் கணத்தில் நிறுத்த வேண்டும். கையேட்டில் இறுக்கத்தின் அளவு கொடுக்கப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

பலரும் தவறுவது இதற்கு அடுத்த படியில். மேல் நட்டை இறுக்கும்போது அது புரிகளில் உள்ள இடைவெளியை அழுத்தி நீக்குவதால், வளையம் சரியாக இருந்தும் பேரிங் மேலும் சிறிது இறுகிவிடும். ஆகவே ஃபோர்க் கால்களை மாட்டி, கீழ்த் தட்டின் போல்ட்டுகளை இறுக்காமல் வைத்துக்கொண்டு, மேல் நட்டை முழுவதும் இறுக்கிய பின் இரண்டு சோதனைகளையும் மறுபடி செய்ய வேண்டும். இறுக்கம் மிகுந்தால் நட்டைத் தளர்த்தி, வளையத்தை இம்மியளவு பின்னுக்குத் திருப்பி, மீண்டும் நட்டை இறுக்கிச் சோதிக்க வேண்டும். மூன்று நான்கு முறை இப்படிச் செய்ய நேர்ந்தால் சலிப்படைய வேண்டாம். சரியான நிலை வந்தபின் கீழ்த் தட்டின் போல்ட்டுகளை இறுக்கலாம். சக்கரமும் பிரேக்கும் பூட்டியபின், பிரேக் பிடி கெட்டியாகும் வரை சில முறை அழுத்திப் பார்த்த பிறகே வண்டியை நகர்த்த வேண்டும். கைப்பிடியை இரு கோடிக்கும் திருப்பி, எந்தக் கேபிளும் இழுபடவில்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலில் ஆளில்லாத சாலையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். 200, 300 கிலோமீட்டர் ஓடியபின் புதிய பேரிங் சற்றே அமர்ந்து தளர்வது இயல்பு. அப்போது மறுமுறை சோதித்துச் சரிசெய்தால் பல காலம் கவலையில்லை. பிறகு ஒவ்வொரு சர்வீஸின்போதும் அந்தப் பத்து நிமிஷச் சோதனை போதும்.

இவ்வளவையும் கேட்டபின், இவ்வேலை நமக்கு ஆகாது என்று ஒருவர் எண்ணினால் அதுவும் நியாயமே. கருவியும் இடமும் எல்லார்க்கும் அமைவதில்லை. பிரேக்கைத் தொட அஞ்சுவது அறியாமையன்று, விவேகம். ஆயினும் சோதனைகளையாவது கற்றுக்கொள்ளுங்கள். அத்துடன் சில சொற்களையும் தெரிந்துகொள்ளுங்கள். மொழி தெரியாத ஊரில் பட்டறை வாசலில் நின்று, "ஏதோ சரியில்லை" என்று சைகை காட்டுபவருக்கு ஒரு விலை. குறையின் பெயரைச் சொல்பவருக்கு வேறு விலை. வட இந்தியப் பட்டறைகளில் தளர்ச்சியை 'டீலா' என்பார்கள். இறுகிப்போனதை 'ஜாம்' என்பார்கள். நம் பால்ரஸ் குண்டு அங்கே 'சர்ரா'. 'கோன் செட்' என்ற பெயர் சென்னையிலும் டில்லியிலும் ஒன்றே. சாதாரண வண்டிகளுக்கு அதன் விலை சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். ஃபோர்க்கை மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொல்லும்போது, "கோன் செட்டைப் பார்த்தீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்க முடிந்தால், அதுவே பெரிய காப்பு.

எங்கள் நண்பரின் வண்டியிலிருந்து எடுத்த பழைய கிண்ணம் இன்னும் அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதன் தடத்தில் வரிசையாக விழுந்திருக்கும் குழிகளை அவருடைய மகள் விரலால் எண்ணிப் பார்ப்பதுண்டு. இப்போது அவளே மாதத்திற்கு ஒருமுறை கைப்பிடியை ஒரு விரலால் தொட்டுச் சாய்த்துப் பார்த்து, வண்டி சரியாக இருக்கிறது என்று தந்தைக்குச் சொல்கிறாள். இக்கட்டுரையைப் படிப்பவர்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் ஒதுக்கி அவ்வாறே செய்து பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.